அட்டையின் பின்புறம் ஐந்து பேர்

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டால்
கப்பல்களின் சங்கும் ஓய்ந்துவிடும்.
அப்புறம் என் சமையலறையில் கேட்பது
கெட்டில் கொதிப்பது மட்டும்தான்.
தேநீருக்கு அல்ல.

கோப்பைக்குள் தலைகீழாக ஒரு வில்லன்.
மூன்று நிமிடம்.
தோள் குழைந்ததும் துணியால் பிடித்துத் திருகினால்
டொப்பென்று கழன்று வரும் கை.
அவசரப்பட்டு இடுக்கி போட்டால் மூட்டாணி முறியும்.
இரண்டு சிப்பாய்களைப் பலி கொடுத்துத்தான்
அதைத் தெரிந்துகொண்டேன்.

பகலில் பல் கட்டுகிறேன்.
முகம் தெரியாத ஒருவரின் கடைவாய்க்கு
மஞ்சளில் எந்த மஞ்சள் என்று பார்த்துக் குழைக்கும் வேலை.
தேய்ந்த கருவிகளை ஆய்வகத்தில் தூக்கிப்போடுவார்கள்.
குப்பைக் கூடைக்கு முன்னால்
என் பை திறந்திருக்கும்.

கடையில் நான்கு பேரைத்தான் விற்றார்கள்.
அட்டையின் பின்புறம் ஐந்து பேர்.
ஐந்தாமவள் ஓரமாக, நீலக் கவசத்தில், ஒரு கை உயர்த்தி,
என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக.
கீழே 'விரைவில்' என்று எழுதியிருந்தது.
எனக்கு எட்டு வயது. நம்பினேன்.
நான்கு பேரும் அண்ணன் ஆர்விட்டிடம்.
என் கையில் உப்புக்குடுவையைத் திணித்தான்:
"இதுதான் அவ. பிடி."
உப்புச் சிந்தச் சிந்த
எத்தனை தடவை உலகத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்,
எத்தனை தடவை அதற்காக அடி வாங்கியிருக்கிறேன்.

இப்போது நாற்பத்தேழு.

பெண் பொம்மைகளின் இடுப்பு சரிப்படவில்லை.
நிறுத்தினால் நெடுஞ்சாண்கிடை.
அதனால்தான் இந்த வில்லன். தடியன்.
இவனுக்குக் கால் தரையில் பாவும்.
மார்பின் மேடுகளை உப்புத்தாளால் தேய்க்கிறேன்
(உப்பு என்னை விடாது போலிருக்கிறது).
எபாக்சி மாவின் இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து,
விரலில் தண்ணீர் தொட்டு,
தொடைக்குக் கொஞ்சம், வயிற்றுக்குத் தாராளமாக.
இழை ஓடிப்போன ஒற்றைக் காலுறை
மேலங்கி ஆனது.

முகத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.
படத்தில் முகமே இல்லை. இரண்டு புள்ளி, ஒரு கோடு.
ஒன்பது இரவு செதுக்கி, ஒன்பது இரவு அழித்தேன்.
ஒருமுறை என் ஓரகத்தி மாதிரி வந்தாள்,
ஒருமுறை வங்கி விளம்பரம் மாதிரி.
பத்தாம் நாள் ஆய்வகத்தில் ஆர்டிஸ்
ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டிருந்தாள்:
"அச்சைக் கோணலா எடுத்துட்டு
என் பல்லைக் குத்தம் சொல்லாதீங்க."

அந்த வாய்.

உள்ளே நான்கு பல் வைத்தேன், ஊசிமுனையால்,
ஆர்டிஸின் மஞ்சளிலேயே.
அவளுக்கு இன்னும் தெரியாது.
பளீரென்ற பல்லோடு ஒருத்தி
நகரத்தைக் காக்க வந்தால்
யார் கதவைத் திறப்பார்கள்?

க்ளோகேயிலிருந்து நார்பர்ட் வந்தார்.
ஆயிரத்துச் சொச்சம் பெட்டி வைத்திருப்பவர்,
ஒன்றையும் திறக்காதவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். மூச்சைப் பிடித்துப் பார்த்தார்.
இருநூறு டாலர்.
ஒரே நிபந்தனை: மூட்டை அசைக்கவே கூடாது,
அசைத்தால் பெயிண்ட் உரியும்.
ஹீட்டர் பழுதுக்கு அந்தப் பணம் உதவும்தான்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் கார் பனியில் இரண்டு தடவை வழுக்கி
மூன்றாம் தடவை கிளம்பியது.
கையை உயர்த்தினேன், படத்தில் உள்ளபடி.
க்ரிக்.
முழங்கையில் நீலம் சுருண்டு உதிர்ந்தது.
அடியில் வில்லனின் சிவப்பு.
சரி, இன்னொரு தடவை.
முழங்கால். இடுப்பு. கழுத்து.
ரொட்டிப் பெட்டியிலிருந்து பாய்ந்தாள்,
குழாயைப் பிடித்துத் தொங்கினாள்,
கழுவாத தட்டுகளின் நடுவே
ஒரு முள்கரண்டியை மீட்டாள்.
மணி ஒன்றரை.

ஃபார்கோவில் இருக்கும் ஆர்விட்டுக்குப் படம் அனுப்பினேன்.
ரொம்ப நேரம் பதில் இல்லை.
முதுகுவலி மாத்திரையில் தூங்கியிருப்பான்.
விளக்கை அணைக்கப் போகும்போது ஒரே வரி வந்தது:
"உப்புக்குடுவையைவிட உசரமா?"

பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன்.
அரை விரற்கடை குட்டை.